நபத்தாவில் சாமி குனிந்த நாள்

நபத்தா நகரத்தில் பகமேத்தை முதுகுப்புறமாகப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். வலது தோளில் எருதின் திமில் மாதிரி ஒரு மேடு. அமானி சாமியின் படகுத் தண்டு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம் அது. சாமி தூக்குகிற எல்லோருக்கும் காய்ப்பு உண்டு. ஆனால் இவனுக்குப் புடைத்ததைப் போல எவனுக்கும் புடைக்கவில்லை. தினமும் எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருப்பான். சந்தைக்குப் போகும்போது அந்தத் தோளில் துணி போட மாட்டான். எத்தனை வெயிலானாலும் சரி.

அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வருவதற்கு முன்னால் தெகெரி செத்துப்போனார். தெகெரிதான் முதல் தோள். தங்கத் தகடு போர்த்திய மரப்படகில், திரைக்குள் உட்கார்ந்துகொண்டு சாமி வெளியே வரும்போது வலப்பக்கத் தண்டின் முனையைத் தாங்குகிறவனுக்கு அந்தப் பெயர். அவன் காலை எடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் காலை எடுப்பார்கள். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. படகு கோயில் வாசலைத் தாண்டும்போது கட்டியக்காரன் முதல் தோளின் பெயரையும், அவனைப் பெற்றவனின் பெயரையும் மலையில் மோதித் திரும்பும்படி கூவுவான். ராஜாவின் பெயருக்கு அடுத்தபடி அந்த முற்றத்தில் கூவப்படும் பெயர் அதுதான்.

பகமேத்துக்கு அது வேண்டும். அவனுடைய அப்பா கெரூ, ஆற்றின் மேற்பக்கம் பாறைத் தீவுகளில் கெளுத்தி பிடித்துப் பிழைத்தவர். மீன் தின்கிறவர்கள் கோயில் படியை மிதிக்கக்கூடாது. ராஜா வீட்டு வாசலுக்கே அவர்களை விடுவதில்லை. கெரூ உயிரோடு இருந்தவரை, மகன் சாமி தூக்குவதை அக்கரை மணலில் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவருக்கு வாய்த்தது. அவர் கால் நுழையாத முற்றத்தில் அவர் பெயராவது நுழைய வேண்டும் என்பது பகமேத்தின் கணக்கு.

குறுக்கே நின்றவன் அமனித்தேக். பகமேத்தின் மச்சான், மனைவி கதீமேயின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. அமனித்தேக்கின் பாட்டன், முப்பாட்டன் எல்லோரும் சாமி தூக்கிகள். அவனுடைய அப்பா பெயரை முற்றத்தில் கூவி ஊரே கேட்டிருக்கிறது. பிறந்தபோதே பெயருக்குள் சாமியை வைத்துத்தான் கூப்பிட்டார்கள். பகமேத்துக்கு அந்தப் பெயர் மேலேயே எரிச்சல். ‘நான் இத்தனை வருஷம் தோள் தேய்த்துப் பக்கத்தில் போன சாமி, இவனுக்குப் பால் குடிக்கும்போதே பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டதே!’

பகமேத் கோயிலுக்குள் வந்த கதை வேறு. கோயில் பாதையில் நிறுத்துவதற்காகக் கல் ஆட்டுக்கடா ஒன்றை ஆற்று வழியாகக் கொண்டுவந்து, கரையிலிருந்து சறுக்குப் பலகையில் இழுத்தார்கள். தீவுகளிலிருந்து ஆள் பிடித்து வந்திருந்தார்கள். அப்போது பகமேத்துக்கு மீசை அரும்பவில்லை. இழுக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவன், தலையில் பானையோடு மணல் மேட்டில் ஏறி இறங்கினான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதைத் தெகெரி பார்த்துவிட்டார். “இவன் தலை அசையாம நடக்கிறான்யா. இவனை எனக்குக் குடுங்க” என்றார். மீன்காரப் பையன் என்று முகம் சுளித்தார்கள். தெகெரி பிடிவாதக்காரர். உவர்மண்ணால் உடம்பு முழுக்கத் தேய்த்துக் குளிப்பாட்டி, தலையை மழித்து, வெள்ளை நூல்துணி கட்டிவிட்டார்கள். அன்றோடு பகமேத் மீனைத் தொடவில்லை. கல்யாணமும் தெகெரி பேசி முடித்ததுதான். கோயில் வீட்டுப் பெண்ணைத் தீவுக்காரனுக்குக் கொடுப்பதா என்று கதீமே வீட்டில் பெரிய ரகளை நடந்தது. “நல்ல தோளு. குடுக்கலாம்பா” என்று ஒரே வார்த்தையில் அதை முடித்தவன் அமனித்தேக்தான்.

அதற்காக அவன் மீது நன்றி இருந்திருக்க வேண்டும். இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த நன்றியே பிறகு முள்ளாகிவிட்டது. தன் பெண்டாட்டிகூட அமனித்தேக் போட்ட பிச்சை என்று எவனோ சொல்வது போலக் காதில் கேட்கும். யாரும் சொன்னதில்லை.

பகமேத் இடப்பக்க முன்தண்டுக்கு வந்து சேர எத்தனையோ வெள்ளம் பார்த்தான். அமனித்தேக் பின்னால் வந்து சேர்ந்தான், இரண்டே திருவிழாவில் தெகெரிக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டான். தோள் அப்படியொன்றும் பிரமாதமில்லை. குரல் இருந்தது. படகு ஏறும்போது எல்லோரும் சேர்ந்து பாட வேண்டிய அடியை இவன் எடுத்துக் கொடுத்தால் சுமையே தெரியவில்லை என்பார்கள். நாக்கும் இருந்தது. எங்கே இருந்தாலும் அவனைச் சுற்றி நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பகமேத்துக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சுமக்க. ‘சுமக்கிற இடத்தில் சிரிக்க வைக்கிறவனுக்கு என்ன மரியாதை’ என்று பொருமுவான். பொருமிவிட்டு, மச்சான் சொன்ன நகைச்சுவைக்குத் தானும் சிரித்துவிடுவான். அதற்காகத் தன் மேலேயே கோபம் வரும்.

வீட்டிலும் விடுதலை இல்லை. பால் ஏட்டைக் கதீமே தனியாக எடுத்து மூடி வைப்பாள்.

“யாருக்கு அது?”

“அண்ணன் வரேன்னு சொல்லியிருக்கு.”

“எனக்கெல்லாம் ஏடு பிடிக்காதா?”

“உங்களுக்கு நேத்து குடுத்தேனே. தின்னுட்டு மறந்துட்டீங்களா?”

அவர்கள் மகள் தெலீ, நடக்கப் பழகியபோது முதலில் எட்டு வைத்தது மாமனைப் பார்த்துத்தான். பகமேத் அந்தப் பக்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைக்கூட அவன் மறக்கவில்லை என்றால் பாருங்கள்.

தெகெரியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, தூக்கிகள் எல்லோரும் கோயில் மதில் நிழலில் சோளக்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கோயிலுக்குப் பின்னால் நிற்கும் தூய மலையின் ஓரத்தில் ஒற்றையாக நிற்கும் கல்தூண் தெரியும். படமெடுத்த நாகம் போல இருக்கும். அது சூரியனின் கண் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையைத் தொடங்கி வைத்தவன் ஷபே. தூக்கிகளில் வாய்த்துடுக்கு அதிகம் உள்ளவன்.

“தொலைஞ்சுபோன பிள்ளைங்களைத் தேடிட்டு வான்னு சூரியன் தன் கண்ணையே கழட்டி அனுப்புறாரு. அது இருட்டுத் தண்ணியெல்லாம் அலைஞ்சு, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வருது. வந்து பாத்தா, இது இருந்த குழியில இன்னொரு கண்ணு உக்காந்திருக்கு! எப்படி இருக்கும் அதுக்கு?”

“எப்படி இருக்கும்? பத்திக்கிட்டு எரியும்” என்றான் பகமேத். எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டான்.

“அதான் பெண் சிங்கமா மாறி நம்ம பக்கத்துக் காட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுச்சு. அப்புறம் சூரியன் கெஞ்சிக் கூத்தாடி, ‘அந்தக் குழி எதுக்கு உனக்கு, நெத்தியில ஏறி உக்காரு’ன்னு நாகமா மாத்தி நெத்தியில வச்சுக்கிட்டாரு. கோபப்பட்டா லாபம் இருக்குப்பா!”

“அது சரி,” பகமேத் விடவில்லை. “நடுவுல வந்து குழியில உக்காந்துச்சே ஒரு கண்ணு, அது என்ன ஆச்சு? அதுக்குத் தண்டனை என்ன? ஒரு பாட்டுலயும் அதைப் பத்திப் பேச்சில்லையே?”

ஷபே தலையைச் சொறிந்தான்.

அமனித்தேக் கள்ளை உறிஞ்சிவிட்டு வாயைத் துடைத்தான். “ஏன் மச்சான், மூஞ்சியில ரெண்டு கண்ணு இருக்கிறது தப்பா? நீ என்ன ஒத்தைக் கண்ணா?”

மதில் அதிரும்படி சிரித்தார்கள். ஷபே கள்ளைச் சிந்திவிட்டான். பகமேத்தும் பல்லைக் காட்டினான். உள்ளே ஒன்று புரண்டு படுத்தது. இவன் நியாயம் கேட்டான். பதில் சொன்னவனுக்குப் பேர் கிடைத்தது.

மறுநாள் கோயில் பெரியவர் பெல்ஹோர் எல்லோரையும் கூப்பிட்டார். மெலிந்த மனிதர். வார்த்தையை அளந்து பேசுவார்.

“முதல் தோள் யாருன்னு நான் சொல்றதில்ல. சாமியைத்தான் கேக்கணும். ரெண்டு பேர் கேக்குறாங்க. முன்னால வந்து சேர்ந்தவன்ங்கிற முறையில பகமேத். பரம்பரைங்கிற முறையில அமனித்தேக். வெள்ளத் திருநாள் அன்னிக்குக் கேட்டுடலாம்.”

கேட்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முற்றத்தில் சாமியைத் தூக்கி நிறுத்துவார்கள். பெயர் சொல்லப்படுகிறவன் தண்டை விட்டு வெளியே வந்து, படகுக்கு எதிரே தலை குனிந்து நிற்க வேண்டும். அவன் இடத்தில் வேறு ஆள் போட மாட்டார்கள். காலியாகவே இருக்கும். பெரியவர் கேட்பார். சாமிக்குச் சம்மதமென்றால் படகு முன்னால் போகும். இல்லையென்றால் பின்வாங்கும். தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்த பிறகு தூக்கிக்கு மனசு கிடையாது என்பது நம்பிக்கை. சுமையே அவனை நடத்தும். ராஜாக்களையே அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். தூக்கிகள் தள்ளுகிறார்கள் என்று வாய் தவறிச் சொன்னவனை ஊரைவிட்டே விரட்டியிருக்கிறார்கள்.

பகமேத்துக்கு அன்று வரை அதில் சந்தேகமே வந்ததில்லை. பெரியவர் பேசி முடித்த கணத்தில் வந்தது. தன் பெயர் சொல்லப்படும்போது எதிரே வலப்பக்க முன்தண்டில் இருக்கப்போகிறவன் அமனித்தேக். ‘அவன் ஒரு எட்டுப் பின்னால் வைத்தால் போதும். என் அப்பன் பெயர் ஆற்றோடு போச்சு.’ பிறகு இன்னொன்றும் தோன்றியது. அமனித்தேக்கின் பெயர் சொல்லப்படும்போது இடப்பக்க முன்தண்டில் தான் இருப்போம். அந்த நினைப்பு வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான், யாராவது கேட்டுவிட்டார்களா என்பது போல.

வீட்டில் கதீமே மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ யாருக்கு வேண்டிக்கிட்ட?”

“எதுக்கு?”

“தெரியாத மாதிரி கேக்காத. நாகத்துக் கோயிலுக்குப் பால் எடுத்துட்டுப் போனியே காலையில. புருஷனுக்கா, அண்ணனுக்கா?”

அவள் அரைக்கும் கல்லை நிறுத்தினாள். “ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.”

“அது பதில் இல்ல.”

“வேற பதில் என்கிட்ட இல்ல. உங்களுக்குக் கிடைச்சா நான் இங்க சிரிச்சு அங்க அழணும். அண்ணனுக்குக் கிடைச்சா அங்க சிரிச்சு இங்க அழணும். எனக்கு என்ன லாபம் இதுல?”

“ஓ! அவனுக்குக் கிடைச்சா சிரிப்ப!”

“ஆமா, சிரிப்பேன். கூடப்பிறந்தவன். உங்களை மாதிரி உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு வெளியில பல்லைக் காட்ட எனக்குத் தெரியாது.”

பகமேத் கூழைத் தொடாமல் எழுந்து போனான். திருநாள் வரை வீட்டில் உப்பு இருக்கிறதா, விறகு இருக்கிறதா என்பதற்கு மேல் பேச்சு இல்லை.

வெள்ளத் திருநாள் வந்தது. ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு கரையேறியிருந்தது. கல் ஆட்டுக்கடாக்களின் முதுகில்கூடப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு முற்றத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள். படகு வெளியே வந்தது. முன்னாலும் பின்னாலும் ஆட்டுக்கடாத் தலை வைத்த பொன்படகு. நடுவில் வெள்ளைத் திரை. கட்டியக்காரன் ராஜாவின் பெயரைக் கூவினான். அதற்குப் பிறகு கூவ வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டான்.

“கெரூவின் மகன் பகமேத்!” என்றார் பெல்ஹோர்.

கூவல் இல்லை, வெறும் கேள்விக்கான அழைப்புதான். ஆனாலும் அப்பன் பெயர் அந்தச் சுவருக்குள் ஒரு தடவை ஒலித்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்திலிருந்து எவனோ, “கெளுத்தி!” என்றான். சிலர் சிரித்தார்கள். பகமேத் தண்டிலிருந்து தோளை உருவிக்கொண்டு எதிரே போய்க் குனிந்து நின்றான்.

“எங்களைக் காக்கிறவனே, இவன் உனக்கு முதல் தோளா?”

படகு அசையவில்லை. பிறகு இலேசாக ஆடியது. பகமேத் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டான். அமனித்தேக்கின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வேர்வை. படகு ஒரு கணம் முன்னால் வருவது போல வந்து, நின்று, பிறகு மெதுவாகப் பின்னால் போயிற்று.

கூட்டம் ‘ஓ’வென்று மூச்சு விட்டது.

‘இழுத்துட்டான். பாவி, இழுத்துட்டான்!’ பகமேத் திரும்பத் தண்டுக்கு அடியில் போனான். தோளை வைத்ததும் சுமை வந்து இறங்கியது. எப்போதும் அந்தச் சுமை வந்ததும் மனசு அடங்கும். அன்று அடங்கவில்லை.

அமனித்தேக் வெளியே போய் நின்றான். வலப்பக்க முனை காலியானது. பெல்ஹோர் அவன் பெயரையும் அவன் அப்பா பெயரையும் சொன்னார். எத்தனையோ முறை அங்கே கேட்ட பெயர். கூட்டத்தில் ஒருவனும் கிண்டல் செய்யவில்லை.

“எங்களைக் காக்கிறவனே, இவன் உனக்கு முதல் தோளா?”

உடனே பின்னாலிருந்து முன்னோக்கி ஒரு அழுத்தம் வந்தது. சாமியா, ஷபேயா, மற்றவர்களா, யார் கண்டது. பகமேத் இரண்டு குதிகாலையும் கல்தரையில் ஊன்றினான். உடம்பின் மொத்த பலத்தையும் பின்னால் சாய்த்தான். பின்னாலிருந்து இன்னும் அழுத்தம். அவன் விடவில்லை. தண்டு முனகியது. ‘போக மாட்டாய். இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.’ சாமியிடம் அப்படிப் பேசியவன் அந்த ஊரில் அதற்கு முன் எவனும் இல்லை.

இரண்டு பலத்துக்கு நடுவில் அவனுடைய முழங்கால் மடிந்தது. வலப்பக்க முனையில் தாங்க ஆளில்லை. படகின் முன்பக்கம் அப்படியே இறங்கியது. பொன் ஆட்டுக்கடாத் தலை தாழ்ந்து, தாழ்ந்து, எதிரே நின்ற அமனித்தேக்கின் மொட்டைத் தலையைத் தொடுகிற அளவுக்கு வந்து நின்றது.



முற்றம் வெடித்தது. “குனிஞ்சுட்டாரு! சாமி குனிஞ்சுட்டாரு!” பெண்கள் குலவையிட்டார்கள். கிலுகிலுப்பைச் சத்தத்தில் புறாக்கள் கோபுரத்தை விட்டுப் பறந்தன. சாமி முன்னால் வந்து பார்த்திருக்கிறார்கள், பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மனுஷனுக்குக் குனிந்ததை எவனும் பார்த்ததில்லை. ராஜாவுக்குக்கூடக் குனியவில்லையே என்று யாரோ சொல்லப்போய், பக்கத்திலிருந்தவர் வாயைப் பொத்தினார். பெல்ஹோர் அளந்து பேசுகிறவர், “இவன்தான் முதல் தோள்” என்று மட்டும் சொன்னார்.

பகமேத் மடிந்த முழங்காலோடு தண்டைத் தாங்கிக்கொண்டு கிடந்தான். அந்த ஊரில் பிறந்த எவனுக்கும் கிடைக்காத மரியாதையைத் தன் மச்சானுக்கு அவனே, அவன் தோளாலேயே செய்து கொடுத்திருந்தான். எழுந்து நின்றபோது தேவைக்கு அதிகமாகவே சிரித்தான். கன்னம் வலித்தது.

வெற்றி பெற்றவன் தங்கை வீட்டில் கை நனைப்பது வழக்கம். சாயங்காலம் அமனித்தேக் வந்தான். தெலீ ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். வாசலில் உட்கார வைத்து, கதீமே அண்ணன் காலைக் கழுவினாள். தண்ணீர் சிவந்தது.

“என்னண்ணே இது? விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கு?”

“கல்லுல தேஞ்சுது. விடு.”

“நகம் பேந்து போயிருக்கு, விடுங்கிற! ரெண்டு கால்லயும் இப்படியா தேயும்?”

கம்பத்தில் சாய்ந்து நின்ற பகமேத் அந்தக் கால்களைப் பார்த்தான். தன் காலில் குதிகாலில்தான் காயம். பின்னால் இழுத்தவனுக்குக் குதிகால் கிழியும். விரல் நுனி கிழிய வேண்டுமென்றால் முன்னால் தள்ளியிருக்க வேண்டும். சாமி தூக்குகிறவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதீமே உள்ளே போனதும் கேட்டான். “எம் பேரு சொன்னப்ப, நீ முன்னால தள்ளினியா?”

அமனித்தேக் தெலீயை மடியில் வைத்துக்கொண்டு அவள் காதை இழுத்து விளையாடினான். “மெதுவாப் பேசு மச்சான். ஊரைவிட்டு விரட்டிருவானுங்க.”

“சொல்லு.”

“தள்ளினேன். உயிரைக் குடுத்துத் தள்ளினேன். படகு நகரவே மாட்டேன்னுச்சு. அப்புறம் பின்னால போச்சு.”

“எனக்காகவா?”

“ரொம்பத்தான் ஆசை உனக்கு!” சிரித்தான். “எனக்காகத்தான். எனக்கு வேணாம் அந்த வேலை. முதல் தோளுன்னா கள்ளு கிடையாது. பாதி நாள் கோயிலுக்குள்ள படுக்கணும். வாயைத் திறந்து ஒரு கிண்டல் பேச முடியாது. எங்கப்பன் பட்ட பாட்டைப் பாத்தவன் நான். அந்தாளு வீட்டுல சிரிச்சே நாங்க பாத்ததில்ல. உனக்குக் கிடைச்சா நான் தப்பிச்சேன்னு நினைச்சேன்.”

மச்சான் துரோகி என்றால் பகமேத் தாங்கியிருப்பான். வெறுத்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். தான் உயிராக நினைத்ததை வேண்டாம், வேண்டாம் என்று தள்ளுகிறவனின் தலைக்கு மேல் சாமி குனிந்திருக்கிறார். இதற்கு எங்கே போய் அழுவது? அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்ளக்கூட வழியில்லை. அவன் பிடித்து வைத்திருந்தால்தானே பிடுங்க!

“உன் குதிகாலையும் நான் பாத்தேன்” என்றான் அமனித்தேக், குழந்தையின் தலைக்கு மேலாக.

பகமேத் குதிகாலை மறைப்பது போலக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“நான்தான் எதிர்ல நிக்கிறேனே. தலை குனிஞ்சா கால்தான் தெரியும். நல்லாத்தான் ஊனின.”

“யார்கிட்டயாச்சும் சொல்லப்போறியா?”

“என்னன்னு சொல்ல? ‘சாமி எனக்குக் குனியல, என் மச்சான் வயித்தெரிச்சல்ல விழுந்தான்’னா? எனக்கு வந்த பேரையும் கெடுத்துக்கவா?” அவன் அடக்க முடியாமல் சிரித்தான். “ஆனா ஒண்ணு. இடுப்பு ஒடியிற மாதிரி எல்லாரும் தள்ளுறாங்க, ஒத்தை ஆளா நின்னு பிடிச்ச பாரு! எங்கப்பனுக்குக்கூட அந்தப் பலம் கிடையாது.”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, கிண்டல் என்று எடுத்துக்கொள்வதா என்று பகமேத்துக்குத் தெரியவில்லை. கதீமே கூழும் பால் ஏடும் கொண்டுவந்து வைத்தாள். அண்ணனுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று அவன் கண் தானாகவே அளந்தது.

மறுநாள் சாமி வெள்ளம் பார்க்க ஆற்றுக்கு இறங்க வேண்டும். புது முதல் தோள், தனக்கு இணையான இடப்பக்க முன்தண்டுக்கு ஆள் சொல்ல வேண்டும். அது அவன் உரிமை. அவன் சொன்னால் இடப்பக்கத்து ஆளை மாற்றி வேறு எவனையும் வைக்கலாம். ஷபே முன்னால் வந்து மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். மற்ற இரண்டு மூன்று பேரும் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். பகமேத் பின்வரிசையில் சுவரோரமாக நின்றான். நேற்று முற்றத்தில் அவமானப்பட்டவன், இன்றைக்கு முன்தண்டும் போய்விட்டால் நேராகத் தீவுக்குப் போய் வலை பின்ன வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

“பகமேத்” என்றான் அமனித்தேக்.

ஷபே முகத்தைத் தொங்கப்போட்டான். “சாமி வேணாம்னு பின்வாங்கின ஆளுப்பா அவன்!”

“முதல் தோளுக்குத்தான் வேணாம்னாரு. தோளே வேணாம்னு சொல்லலையே? ஆத்துச் சரிவுல போன வருஷம் நாம எப்படி ஓடினோம்னு மறந்துட்டியா? எனக்குப் பின்னுக்கு அமுக்கிப் பிடிக்கிறவன் வேணும். அதுல இவனை மிஞ்ச ஆள் கிடையாது.” சொல்லிவிட்டுப் பகமேத்தைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினான்.

பகமேத்துக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஆனால் கால் தானாக முன்னால் நடந்தது. தோளை வைத்தான்.

வாசலைத் தாண்டும்போது கட்டியக்காரன் அமனித்தேக்கின் பெயரைக் கூவினான். அவன் அப்பன் பெயரையும் கூவினான். மலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பகமேத்தின் வயிறு, எரிய வேண்டிய அளவுக்கு எரிந்தது. கூட்டம் இரண்டு பக்கமும் விழுந்து கும்பிட்டது, “குனிஞ்ச சாமி, குனிஞ்ச சாமி” என்று. குனிய வைத்தவன் எவன் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பிறகு ஆற்றுச் சரிவு வந்தது. வெள்ளத்தில் ஊறிய களிமண். எதிரே சுழித்து ஓடும் தண்ணீர். அதற்குள் முதலைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். படகின் பாரம் முழுவதும் முன்பக்கம் வந்து விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் வழுக்கினார்கள். அமனித்தேக்கின் கட்டுப்போட்ட கால்விரல்கள் சேற்றில் பிடிமானம் கிடைக்காமல் சறுக்குவதைப் பகமேத் ஓரக்கண்ணால் பார்த்தான். விட்டுவிட்டால் போதும். அதிகமாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கொஞ்சம் விட்டால் போதும்.

“அமுக்கு மச்சான்! அமுக்குடா!” அமனித்தேக்கின் குரல் கிழிந்தது. பாட்டெடுக்கும் குரல், இப்போது வெறும் பயம்.

பகமேத் குதிகாலைச் சேற்றுக்குள் இறக்கினான். கணுக்கால் வரை புதைந்தது. நேற்றைய காயத்தில் மண் ஏறிச் சுரீரென்றது. தண்டு தோள்மேட்டில் வந்து நின்றது. எட்டு எட்டாக, தலை அசையாமல் இறங்கினான். அவன் வைத்த அடிக்குத்தான் மற்றவர்கள் அடி வைத்தார்கள். முதல் தோள்கூட அவன் காலைப் பார்த்துத்தான் காலை எடுத்தான்.

கீழே கல்மேடையில் படகை இறக்கி வைத்தார்கள். அமனித்தேக் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது.

“அடுத்த வருஷம் உன் இடத்துல ஷபேயைப் போட்டுப் பாக்கலாமா? பாவம், ஆசைப்படுறான்” என்றான், கொஞ்சம் தெம்பு வந்ததும்.

பகமேத் குனிந்து காலிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து ஷபேயைப் பார்த்தான். அவன் அந்தப் பக்கம் இடத்தண்டின் முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அந்தத் தண்டுல இருந்து அவனைக் கையை எடுக்கச் சொல்லு” என்றான் பகமேத்.